ரீயூனியனில் எங்கே தங்குவது? மேற்கு, கிழக்கு, தெற்கு, மலை: ஓர் ஒப்பீடு

ரீயூனியனுக்குக் கிளம்புகிறவர்களில் பலர், விமானச் சீட்டு எடுத்த கையோடு மேற்குக் கடற்கரையில் ஒரு விடுதியைப் பத்து நாளுக்கும் சேர்த்துப் பதிவுசெய்துவிடுகிறார்கள். மணற்கரையும் விடுதிகளும் அங்கேதான் அதிகம் என்பதால் அது இயல்பான முடிவாகத் தோன்றும். ஆனால் இத்தனை தூரம் வருவதற்கான காரணங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன: எரிமலை, செங்குத்துச் சுவர்கள் சூழ்ந்த மூன்று பள்ளத்தாக்குகள், கிழக்கின் கரும்பு வயல்கள், அவற்றின் நடுவே நிற்கும் கோயில்கள். இவற்றில் மலை சார்ந்தவை விடிந்து மூன்று மணி நேரம்தான் தெளிவாகத் தெரியும். வெயில் ஏறியதும் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சரிவில் ஏறி மேகமாகத் திரளும். பெரும்பாலான நாள்களில் 9 அல்லது 10 மணிக்குள் சிகரங்கள் மறைந்துவிடும். அதனால் விடியும்போது எந்த மலைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று பார்த்து இரவுத் தங்கலைத் தீர்மானிப்பதே சரியான வழி. மற்ற வசதிகளை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

தீவின் அமைப்பு

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரிஷியஸிலிருந்து தென்மேற்கில் சுமார் 200 கி.மீ. தொலைவில் இருக்கிறது ரீயூனியன். பரப்பு 2,512 சதுர கி.மீ.; மக்கள்தொகை ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1946 மார்ச் 19ஆம் தேதிச் சட்டத்தின்படி காலனி நிலை நீங்கி, பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களில் ஒன்றானது. மாவட்ட எண் 974, தலைநகர் சென்-தெனி. பணம் யூரோ, சட்டமும் மருத்துவமனையும் பள்ளியும் பிரெஞ்சு முறைப்படி. ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இந்த மாவட்டம் வராது. பாரிஸுக்கு எடுத்த ஷெங்கன் விசா இங்கும் செல்லும் என்று எண்ணி வருபவர்கள் விமான நிலையத்திலேயே தடுக்கப்படலாம். விண்ணப்பிக்கும்போதே ரீயூனியன் என்று குறிப்பிட்டு, பிரெஞ்சு அரசின் விசாத் தளத்தில் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தீவு என்பது அடிப்படையில் இரண்டு எரிமலைகள். வடமேற்கில் அணைந்துபோன பித்தோன் தே நேழ், உயரம் 3,070 மீட்டர். அதைச் சுற்றி அரிப்பிலும் சரிவிலும் உருவான மூன்று வட்டப் பள்ளத்தாக்குகள்: சிலாவோஸ், சலாசி, மஃபாத். தென்கிழக்கில் இன்றும் அடிக்கடி வெடிக்கும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். இரண்டுக்கும் இடையே 1,000 முதல் 1,600 மீட்டர் உயரத்தில் மேட்டுச் சமவெளிகள். 2010இல் இந்தச் சிகரங்களும் பள்ளத்தாக்குகளும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன.

கரையைச் சுற்றி ஒரு சாலை ஓடுகிறது. தீவின் குறுக்கே மேட்டுச் சமவெளி வழியாகச் செல்வது ஒன்றே ஒன்று: கிழக்கில் சென்-பெனுவாவையும் தெற்கில் சென்-பியேரையும் இணைக்கும் என்-3. சிலாவோஸுக்கும் சலாசிக்கும் ஒவ்வொரு சாலை. போன வழியேதான் திரும்பவேண்டும். மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் சிலாவோஸுக்கும் சலாசிக்கும் இடையே காரில் போக, கீழே கரைக்கு இறங்கி, பாதித் தீவைச் சுற்றி, மறுபடி மலையேற வேண்டும். அரை நாள் போய்விடும். திட்டங்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

மழையும் தங்கலைத் தீர்மானிக்கிறது. கிழக்கு–தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று மலையில் மோதி, கிழக்கிலேயே பெய்து தீர்த்துவிடுகிறது. மேற்குக் கரையின் வறண்ட பகுதியில் ஆண்டுக்கு 600 மி.மீ.கூடத் தேறாது. கிழக்கே சேந்த்-ரோஸுக்கு மேலுள்ள சரிவுகளில் 10,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. 1966 ஜனவரியில் எரிமலைக்குப் பக்கத்திலுள்ள ஃபொக்-ஃபொக்கில் 24 மணி நேரத்தில் பெய்த 1,825 மி.மீ. உலகச் சாதனையாக நிற்கிறது. கிழக்கில் குடை பிடிக்கும் அதே மணி நேரத்தில் மேற்கில் வெயில் காயும்.

மேற்கு: கடல் வேண்டுமென்றால் மட்டும்

சென்-ழீல், லெர்மிதாழ், லா சலீன், சென்-லே ஆகிய ஊர்கள் வரிசையாக அமைந்த கரை இது. பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் உள்ளே இடுப்பளவு முதல் ஓராள் ஆழத் தெளிந்த நீர். குழந்தைகளோடு வருபவர்களுக்கும் மீன்களைப் பார்த்தபடி நீந்த விரும்புகிறவர்களுக்கும் தீவில் இதற்கு ஈடு இல்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை கூனல் திமிங்கிலங்கள் கன்று ஈன இந்தக் கடலுக்கு வருகின்றன; சில நாள்களில் கரையிலிருந்தே தெரியும்.

திட்டுக்கு வெளியே மட்டும் கால் வைக்கக் கூடாது. 2011 முதல் தொடர்ந்த சுறாத் தாக்குதல்களால், திட்டுக்குள்ளும் கண்காணிப்பு உள்ள பகுதிகளிலும் தவிர மற்ற இடங்களில் குளிப்பதை மாவட்ட ஆட்சியகம் 2013 முதல் தடைசெய்திருக்கிறது. கரையில் அறிவிப்புப் பலகையும் கொடியும் இருக்கும். திட்டுக்குள்ளேயும் ஓர் ஆபத்து உண்டு: பவளத்தில் இடைவெளி உள்ள இடங்களில் நீர் வேகமாக வெளியே இழுக்கும். லெர்மிதாழில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. பலகை நட்டிருக்கும் பகுதியைத் தாண்டி நீந்தக் கூடாது. பவளத்தில் கால் கிழியும், ஆகவே ரப்பர் காலணி அவசியம்.

மேற்கில் தங்கினால் கைக்கு எட்டும் மலைக்காட்சி மாய்தோ. சுமார் 2,200 மீட்டர் உயர விளிம்பில் நின்று மஃபாத் முழுவதையும் கீழே பார்க்கலாம். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். விடியற்காலை கிளம்பி 7 மணிக்கு மேலே இருந்தால் குக்கிராமங்களின் கூரைகள் வரை எண்ணலாம். 10 மணிக்குப் போனால் வெள்ளைத் திரைதான். கரையில் 22 டிகிரி இருக்கும் ஆகஸ்ட் காலையில் மேலே 5 டிகிரி இருக்கக்கூடும்.

வரலாறும் இங்கேதான் தொடங்கியது. ஆளில்லாத தீவில் 1663இல் முதல் குடியேற்றம் சென்-போலில்தான் அமைந்தது. மடகாஸ்கரிலிருந்து இரு பிரெஞ்சுக்காரர்களும் பத்து மலகாசியரும் வந்தார்கள். 1738இல் ஆளுநர் மாஹே தெ லாபூர்தொனே தலைநகரைச் சென்-தெனிக்கு மாற்றினார். 1746இல் கப்பற்படையோடு போய்ச் சென்னைப்பட்டினத்தை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியவரும் இவரே. சென்-போலில் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமை காலையும் கூடும் சந்தையை விடக்கூடாது. முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாம் கிடைக்கும். சென்-லேயில் 1978இல் மூடப்பட்ட ஒரு சர்க்கரை ஆலை ஸ்தெல்லா மதுதினா என்ற அருங்காட்சியகமாகியிருக்கிறது. கரும்புப் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள இரண்டு மணி நேரம் அங்கே செலவிடுவது தகும்.

மேற்கின் சரிவில் இன்று பச்சையாகத் தெரியும் வயல்களுக்குத் தண்ணீர் கிழக்கிலிருந்து வருகிறது. சலாசி, மஃபாத் ஆறுகளின் நீரைச் சுமார் 30 கி.மீ. சுரங்கங்கள் வழியே மலையைக் குடைந்து மேற்கே கொண்டுவரும் திட்டம் 1989இல் தொடங்கி முடிய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலானது.

மேற்கின் குறை, தூரம்தான். எரிமலை விளிம்புக்கு இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை 7 மணிக்கு அங்கே இருக்க 4.30க்குக் கிளம்பவேண்டும். சிலாவோஸுக்கும் ஏறத்தாழ அதே கதை. 2009இல் திறந்த தமரின் சாலை சென்-போலையும் எதாங்-சலேயையும் விரைவாக இணைத்தாலும், வார நாள்களில் காலை 6.30 முதல் 8.30 வரை சென்-தெனி, சென்-பியேர் நுழைவாயில்களில் வண்டிகள் நகராது. அறை வாடகையும் தீவிலேயே இங்குதான் அதிகம். நான்கு இரவுக்கு மேல் மேற்கில் தங்க, கடலைத் தவிர வேறு காரணம் தேட முடியாது.

கிழக்கு: பலர் தவிர்ப்பது, தமிழர்கள் தவிர்க்கக் கூடாதது

பயண முகவர்கள் கிழக்கை ஒரு நாள் சுற்றுலாவாக்கி முடித்துவிடுவார்கள். காரணங்கள் உண்மைதான்: கூழாங்கல் கரை, பேரலை, குளிக்கத் தடை, வறண்ட பருவத்திலும் மழை, பெரிய விடுதிகள் இல்லை. வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகளே அதிகம். இரவு உணவு வேண்டுமென்றால் முந்தைய நாளே சொல்லவேண்டும். இருந்தாலும் இந்த மாவட்டத்தின் வரலாற்றையும் பிழைப்பையும் புரிந்துகொள்ள இரண்டு இரவாவது சென்-ஆந்த்ரேயிலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ தங்கவேண்டும்.

1848 டிசம்பர் 20 அன்று ஆணையர் சர்தா கரிகா இங்கே அடிமைமுறை ஒழிப்பை நடைமுறைப்படுத்தினார். சுமார் 60,000 பேர் விடுதலையானார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகள் அதற்குப் பதிலாக ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். 1828இலேயே ஏனாமிலிருந்து ஒரு சிறு குழு வந்திருந்தது; 1848க்குப் பிறகு புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் ஏற்றப்பட்டார்கள். 1860இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கை பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆளெடுக்க வழிவிட்டது. கூலிகளை நடத்திய விதம் பற்றிய புகார்கள் குவிந்ததால் 1882இல் பிரிட்டன் அதை நிறுத்தியது. அவர்களின் வழிவந்தோரை இங்கே மல்பார் என்கிறார்கள். பிரெஞ்சு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனம் கேட்பதில்லை என்பதால் உறுதியான எண் கிடையாது. நான்கில் ஒரு பங்கு வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

சென்-ஆந்த்ரேயில் கோலோஸ் கோயில் கடலருகே வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. பழைய தோட்டங்களுக்குப் பக்கத்தில் சிறு கோயில்கள் நிறைய உண்டு. தைப்பூசக் காவடி, தீமிதி, தீபாவளி மூன்றும் பெரிதாக நடக்கின்றன. தமிழில் பேசினால் பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீட்டு மொழி பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல், பள்ளி மொழி பிரெஞ்சு. ஐந்தாறு தலைமுறையாகக் கடலுக்கு அப்பால் இருந்தும், மொழி கையைவிட்டுப் போன பிறகும், விரதமும் காவடியும் தீமிதியும் விடாமல் காத்திருக்கிறார்கள் என்பதை மதித்து அணுகவேண்டும். பூசை நேரத்தில் தோல் செருப்பு, தோல் இடைவார், தோல் பை ஆகியவற்றை வெளியே விடச்சொல்வார்கள். சில சடங்குகளுக்கு அசைவம் தவிர்த்தவர்களை மட்டுமே உள்ளே விடுவார்கள். புகைப்படம் எடுக்குமுன் கேட்பது கட்டாயம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தைப்பூசம் ஜனவரி–பிப்ரவரியில் வருகிறது, அதாவது புயல் உச்சத்தில். விழாவுக்காகவே வருவதானால் முன்னும் பின்னும் மூன்று நாள் விட்டுத் திட்டமிடவேண்டும். அந்தப் பருவத்தில் மலைநடையை நம்பக் கூடாது. தீபாவளியை ஒட்டிய நாள்கள் நடையுலாக்களுக்கும் ஏற்றவை: மழைக்காலம் இன்னும் தொடங்கியிருக்காது, கரும்பு அறுவடையும் நடந்துகொண்டிருக்கும்.

தீவில் ஒருகாலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள் இருந்தன. இன்று இரண்டுதான்: கிழக்கில் சென்-ஆந்த்ரேயின் புவா-ரூழ், தெற்கில் சென்-லூயியின் லெ கோல். சுமார் 20,000 ஹெக்டேர் கரும்பு இவ்விரண்டுக்கும் போகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை ஆலை ஓடும்போது உள்ளே சுற்றிக்காட்டுகிறார்கள். முன்பதிவு, மூடிய காலணி, நீளக் காற்சட்டை வேண்டும். சிறு குழந்தைகளை அனுமதிப்பதில்லை. சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் பக்கத்திலேயே உண்டு. அறுவடை மாதங்களில் கிழக்குச் சாலைகளில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊரவேண்டியிருக்கும், நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்புக்கு அடுத்து வனிலா. மெக்சிகோவிலிருந்து வந்த கொடி இங்கே பூத்தும் காய்க்கவில்லை, மகரந்தம் சேர்க்கும் பூச்சி இல்லாததால். 1841இல் சேந்த்-சூசானில் எட்மோன் அல்பியூஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், பூவின் உள்ளே தடுப்பாக நிற்கும் சவ்வைக் குச்சியால் நிமிர்த்தி, விரலால் அழுத்திச் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தான். உலகின் வனிலாத் தோட்டங்கள் இன்றும் பின்பற்றுவது அந்தக் கை முறையைத்தான். சேந்த்-சூசானிலும் பிரா-பனோனிலும் பதப்படுத்தும் கூடங்களைப் பார்க்கலாம். வாங்கும்போது காய் வளைந்தால் முறியாமல், எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கவேண்டும். உலர்ந்து நொறுங்குவதை விட்டுவிடுங்கள்.

சென்-ஆந்த்ரேயில் தங்குவதன் பெரும் பயன் சலாசி. வளைந்து ஏறினால் முக்கால் மணியில் எல்-பூர் வந்துவிடும். கருங்கல் சுவர்களிலிருந்து அருவிகள் இறங்கும் இந்தப் பள்ளத்தாக்கு, மூன்றில் பசுமையானது; கிரியோல் வீடுகள் அழகாகப் பராமரிக்கப்படும் ஊர் எல்-பூர். இங்கே பந்தலெல்லாம் சௌசௌ. காயும் தளிரும் கறியாகின்றன, சைவர்களுக்கு வயிறு நிறையும் ஊர்.

தெற்கே இறங்கினால் எரிமலைக் குழம்புச் சாலை. சேந்த்-ரோஸுக்கும் சென்-பிலிப்புக்கும் இடையே பழைய பாய்ச்சல்களின் ஆண்டுகள் பலகையில் குறிக்கப்பட்டிருக்கும். 1977இல் பித்தோன் சேந்த்-ரோஸில் வீடுகளை விழுங்கிய குழம்பு தேவாலயத்தைச் சூழ்ந்து வாசலில் நின்றது. 2007 ஏப்ரலில் சாலையை அறுத்துக் கடலில் விழுந்தது. அப்போதே மேலே எரிமலை உச்சியிலுள்ள தொலோமியே பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்ளிறங்கியது.

தெற்கு: ஒரே இடத்தில்தான் தங்கமுடியும் என்றால்

பெட்டியைக் கட்டி அவிழ்க்க மனமில்லாதவர்கள் சென்-பியேரைத் தேர்ந்தெடுக்கலாம். சிலாவோஸுக்கும் எரிமலை விளிம்புக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி, குழம்புச் சாலைக்கு ஒரு மணி, லெர்மிதாழ் கடலுக்கு முக்கால் மணிக்குச் சற்றுக் கூட. எல்லாத் திசைகளுக்கும் நடுவே இப்படி அமைந்த ஊர் வேறில்லை. சிறிய பவளக் குளம் உண்டு. உணவகங்கள் மேற்கைவிட மலிவு. சனிக்கிழமைச் சந்தை பெரியது. நரசிங்கப் பெருமாள் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சலாசி மட்டும்தான் எட்டாத தூரம்.

இந்த ஊரின் குறை, காற்றுதான். ஜூலை–ஆகஸ்டில் வணிகக் காற்று இந்தக் கரையை அடித்து வீசும். மணலில் உட்காரமுடியாத நாள்கள் வரும். அப்போது சற்று மேற்கே எதாங்-சலேயின் கறுப்பு மணல் கரை பரவாயில்லை. கிழக்கே சென்-ழோசெஃபுக்கு மேலே பிளேன் தே கிரேக் என்ற சிற்றூரே மஞ்சளுக்குப் பேர்போனது. மஞ்சள் தூள் வாங்குவதாக இருந்தால் அங்கே வாங்குங்கள்.

மலையில் தங்குவது: பூர்-மியூரா, சிலாவோஸ், மஃபாத்

எரிமலைதான் முதல் குறிக்கோள் என்றால், முந்தைய இரவு பூர்-மியூராவில் தங்குவதே சிறந்தது. 1,600 மீட்டர் உயரம், மாட்டுப் பண்ணைகள், கணப்பு எரியும் அறைகள். காலையில் முக்கால் மணியில் 2,311 மீட்டரிலுள்ள பா தெ பெல்கோம்ப் வந்துவிடும். கடைசிக் கட்டம் செவ்வாய்க் கிரகம் போன்ற மணல்வெளி. பாதை குழிகள் நிறைந்தது, சிறிய வாடகைக் காரும் மெதுவாகப் போகும். அங்கிருந்து ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் இறங்கி, பாறைமேல் போட்ட வெள்ளைப் புள்ளிகளைப் பின்பற்றி தொலோமியே விளிம்புக்குப் போய்வர 5 மணி நேரம். நிழல் இல்லை, தண்ணீர் இல்லை: ஆளுக்கு 2 லிட்டர், தொப்பி, காற்றுத்தடுப்பு மேலாடை. மேகம் இறங்கினால் அடுத்த வெள்ளைப் புள்ளியே தெரியாது. அப்போது வழி தேடி அலையாமல், கடைசியாகப் பார்த்த புள்ளியருகே நின்று மேகம் கலைய விடவேண்டும். வெடிப்பு தொடங்கினாலோ தொடங்கும் அறிகுறி வந்தாலோ ஆட்சியகம் உட்பகுதியை மூடிவிடும். கதவைத் தாண்டிப் போவது சட்டப்படிக் குற்றம். கிளம்புமுன் வானிலையையும் எரிமலை எச்சரிக்கை நிலையையும் பார்த்துவிட்டே ஏறுங்கள்.

சிலாவோஸ் 1,200 மீட்டரில், மூன்று பள்ளத்தாக்குகளில் வறண்டது, வானம் அதிக நாள் தெளிந்திருப்பது. வெந்நீர் ஊற்று, பருப்பு, உள்ளூர் திராட்சை மது, கைப்பூவேலை ஆகியவை பேர்போனவை. சென்-லூயியிலிருந்து 37 கி.மீ. சாலையில் நானூறுக்கு மேற்பட்ட திருப்பங்கள், ஒருவண்டி மட்டும் நுழையும் சுரங்கங்கள். வாந்தி வருபவர்கள் வெறும் வயிற்றிலும் வேண்டாம், நிரம்ப உண்டும் வேண்டாம். சுரங்கத்தில் நுழையுமுன் விளக்குப் போட்டு ஒலி எழுப்பவேண்டும். பித்தோன் தே நேழ் ஏறுபவர்களின் தளமும் இதுதான்: ஊருக்குச் சற்று மேலே லெ புளோக் என்ற இடத்திலிருந்து 1,100 மீட்டர் ஏறி 2,478 மீட்டரிலுள்ள மலைக்குடிலில் இரவு, விடியுமுன் மேலும் 600 மீட்டர். குடிலில் இடம் மாதங்களுக்கு முன்பே நிரம்பும். அதைப் பதிவுசெய்த பிறகே மற்ற தேதிகளை அமைக்கவேண்டும். ஒரே நாளில் ஏறி இறங்குவது நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும், விடியற்காலை 3 மணிக்குத் தொடங்கினால்தான்.

பெருமழைக்குப் பின் பாறை சரிந்து இந்தச் சாலை மூடுவது வழக்கம். ஊரே துண்டிக்கப்படும். விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவைச் சிலாவோஸில் வைக்கவே கூடாது.

மஃபாத் தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம். பெயரே அவர்களில் ஒருவருடையது. இன்று சில நூறு பேர் சிறுசிறு மேடுகளில் வாழ்கிறார்கள். சரக்கு ஹெலிகாப்டரில் வருகிறது. முதல்முறை போகிறவர்களுக்கு எளிய வழி சலாசிப் பக்கமிருந்து கொல் தே பே கணவாய் வழியாக லா நூவேல் ஊருக்கு: இறங்க இரண்டு மணி, ஏற இரண்டரை. கணவாயில் காவலுள்ள கட்டண நிறுத்துமிடத்தில்தான் காரை விடவேண்டும். மற்ற நடைபாதை முனைகளிலும் காருக்குள் எதையும், காலிப் பையைக்கூட விட்டுவிடாதீர்கள். கண்ணாடி உடைத்துத் திருடுவது நடக்கிறது. லா நூவேலில் ஓர் இரவு தங்கினால் பிற்பகல் மேகம் கலைந்து மாலை ஒளியில் சுவர்கள் சிவப்பதைப் பார்க்கலாம். உணவு, படுக்கை இரண்டும் முன்பதிவில் சேர்ந்தே வரும். சைவம் என்றால் பதிவின்போதே சொல்லவேண்டும். ஹெலிகாப்டரில் வரும் ஊரில் கடைசி நிமிடத்தில் மாற்றுவதற்கு ஒன்றுமிருக்காது.

சென்-தெனி

முதல் அல்லது கடைசி இரவுக்கு மட்டும். விமான நிலையம் பக்கம், காளிகாம்பாள் கோயில் நகருக்குள். மேற்கே போகும் வழியில் லா கிராந்த் சலூப்பில் நிறுத்துங்கள்: ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலிலிருந்து இறக்கியதும் தொற்றுநோய்க்காக அடைத்துவைத்த கட்டடங்கள் அங்கே சீரமைக்கப்பட்டு அருங்காட்சியகமாக இருக்கின்றன. பக்கத்தில் 2022இல் திறந்த 5.4 கி.மீ. கடல் பாலம் ஓடுகிறது. செங்குத்துப் பாறையடியில் போன பழைய சாலையில் கல் விழுந்து உயிர்கள் போனதால் கட்டியது.

எத்தனை நாளுக்கு எது

ஏழு இரவு: சென்-பியேர் நான்கு, மேற்கு மூன்று. சென்-பியேரிலிருந்து எரிமலை, சிலாவோஸ், குழம்புச் சாலை; மேற்கிலிருந்து மாய்தோ, கடல். கிழக்கை விட்டுவிடுவது வருத்தம்தான், ஆனால் ஏழில் அதையும் திணித்தால் எதுவும் ஒழுங்காக நிற்காது.

பத்து இரவு: எங்கள் தேர்வு இதுதான். இறங்கியதும் கிழக்கில் மூன்று (கோயில்கள், ஆலை, வனிலா, சலாசி), பிறகு என்-3 வழியாக மேலேறிப் பூர்-மியூராவில் ஒன்று, விடியற்காலை எரிமலை, அன்று மாலையே சிலாவோஸில் இரண்டு, கடைசியாக மேற்கில் நான்கு. கால் வலிக்கும் நேரத்தில் கடல் வரும். விமான நிலையத்துக்கும் நல்ல சாலை. பதினான்கு என்றால் சலாசிக்குப் பின் மஃபாத்தில் ஒன்று, பித்தோன் தே நேழ் குடிலில் ஒன்று, சென்-பியேரில் இரண்டு சேருங்கள்.

எரிமலைக்கும் மாய்தோவுக்கும் தலா ஒரு மாற்று நாளை வெறுமையாக விட்டுவைப்பது முக்கியம். மேகம் மூடிய நாளில் அடம்பிடித்து ஏறுவதைவிட, சந்தைக்கும் அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டு மறுநாள் ஏறலாம்.

பருவம் மே முதல் நவம்பர் வரை. ஜூலையில் மாலை 6 மணிக்கு இருட்டிவிடும், மலைநடையை 3 மணிக்குள் முடிக்கவேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை புயல் காலம். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி 28இல் கராஞ்ஸ் தீவை நேராகத் தாக்கின. ஆரஞ்சு எச்சரிக்கையில் தண்ணீரும் உணவும் மின்விளக்கும் வாங்கிவிடுங்கள். சிவப்பு வந்தால் வெளியே போவதே தடை.

கார் இல்லாமல் கரையூர்களுக்குப் போக, ‘கார் ழோன்’ என்ற பேருந்துச் சேவை போதும். எரிமலை விளிம்புக்கும் மாய்தோவுக்கும் விடியலில் போய்ச் சேர வாடகைக் கார் தேவை. வலப்பக்க ஓட்டம், பெரும்பாலும் கையால் கியர் மாற்றும் வண்டிகள், தானியங்கி வேண்டுமென்றால் முன்பே கேட்டு வாங்குங்கள். நான்கு பேரும் பெட்டிகளும் என்றால் ஆகச் சிறிய வகை எஞ்சின் சிலாவோஸ் ஏற்றத்தில் திணறும்; ஒரு படி மேலே எடுப்பது நல்லது. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடாகிப் பிடி விடும், இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

செலவில் சாப்பாடுதான் அதிர்ச்சி தரும். 2022 கணக்குப்படி உணவுப்பொருள் விலை பிரான்சின் பெருநிலத்தைவிட 37 சதவீதம் அதிகம். பெரும்பகுதி கப்பலில் வருவதாலும் இறக்குமதிக்கு உள்ளூர்த் துறைமுக வரி இருப்பதாலும். சந்தைக் காய்கறி, அரிசி, பருப்பு என்று சமையலறையுள்ள அறையில் சமைத்தால் பாதியாகக் குறையும். வெளியே சாப்பிட, கையோடு கொண்டுபோகும் கறிச்சோற்றுப் பொட்டலம் மலிவு. சைவத்துக்குப் பருப்பு, கீரை, சோறு, மிளகாய்ச் சட்னி கேட்டால் எங்கும் தருவார்கள். சமோசாவுக்குள் பெரும்பாலும் இறைச்சியோ மீனோ இருக்கும், கேட்டு வாங்குங்கள். பருப்பை அரைத்துப் பொரிக்கும் போம்போன் பிமான் சைவம். காலை 6 மணிக்கே கடைகளில் சூடாகக் கிடைக்கும், மலைக்குக் கிளம்பும் வழியில் வாங்கிக்கொள்ளலாம்.